நாய்க்கு அழுதவள்

கணவரை இழந்த தோழி ஒருத்தி போன மாதம் எங்களிடம் கேட்டாள்: "அவர் பேருல ஏதாவது செய்யணும். என்ன செய்யட்டும்?"

மாலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்தக் கேள்வி இனி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும் என்று தெரிந்தவர்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னோம். முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, கோயில் வாசலில் கல் பெஞ்சு. அப்போது இன்னொருத்தி, தான் வளர்த்த நாய் செத்த பிறகு அதன் கழுத்துப் பட்டையைச் சாமி அலமாரியில் வைத்திருப்பதாகக் கூச்சத்தோடு சொன்னாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் எனக்குக் காது மடல் சுட்டது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும், நம் வயதில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்குப் போகும் பாதையில் எங்கள் ஊர். மழை பெய்தால் பருத்தி, கம்பு. பெய்யாவிட்டால் வெடித்த கரிசல். ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் அப்பா பருத்தியும் தானியமும் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். உழவு, விதைப்பு, காட்டு வேலை முழுக்கச் சித்தப்பா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். தகப்பன் இல்லாத தம்பியை அப்பாதான் தோளில் தூக்கி வளர்த்தார். கல்யாணமும் செய்துவைத்தார். சித்திக்குத் திருச்சுழிப் பக்கம். நெடுநெடுவென்று உயரமாக இருப்பார். அதிகம் பேச மாட்டார். அப்பா முன்னால் வரவே மாட்டார். எது வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான்.

சித்தப்பாவிடம் ஒரு நாய் இருந்தது. பாளையம்பட்டி டீக்கடைப் பக்கம் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துண்டில் சுருட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். கண்டக்டர், "துண்டுக்குள்ள என்னய்யா?" என்று கேட்க, "நம்ம சேக்காளிண்ணே. கைப்புள்ள, டிக்கெட்டு கெடையாது" என்றாராம். இதை அவரே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும்.

அதற்குப் பெயர் கிடையாது. "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்.

"ஊருல எல்லாரும் மணி, ராசான்னு பேரு வைக்காக. நீக என்ன, ஏலேங்கிறீக?" என்று சித்தி கேட்பார்.

"அதுவும் நானும் ஒரு செட்டு. சேக்காளிய வேற என்னன்னு கூப்புடுறது?"

கம்பங்களியில் கடைசி உருண்டையைச் சித்தப்பா நாய்க்குப் போடுவார். "ஒழச்சுட்டு வந்த மனுசன் வயித்தக் காயப்போட்டு நாய்க்குப் போடுறாக" என்று சித்தி முதலில் சத்தம் போட்டார். பிறகு அவரே ஒரு கைப்பிடி மாவு கூடுதலாகப் போட ஆரம்பித்தார். சாயங்காலம் மூன்று பேரும் கொல்லையில் உட்கார்ந்திருப்பார்கள். சித்தப்பா பேச, சித்தி கேட்க, நாய் நடுவில் படுத்திருக்கும். மூன்று பேர் என்றுதான் எனக்கு இப்போதும் வாயில் வருகிறது.

கல்யாணமாகி இரண்டாவது ஐப்பசியில் சித்தப்பா செத்துப்போனார். மழை ஈரத்தோடு காட்டுக் கிணற்று மோட்டார் ரூமில் சுவிட்சைப் போட்டவர் அங்கேயே விழுந்துவிட்டார். கரண்ட் அடித்துவிட்டது.

சித்தி அழவில்லை. உடலைக் கொண்டுவந்து போட்டபோதும் அழவில்லை, தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. சுவரில் சாய்ந்து, உள்ளங்கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "அழுதுருடி, நெஞ்சடச்சுப் போகும்" என்று பெண்கள் உலுக்கினார்கள். ஒருத்தி தொடையில் கிள்ளினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினாறாம் நாள் தாலியை வாங்கியபோதும் அதே மாதிரிதான். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேர் விழுந்துவிட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் என் காதுபடவே பேசுவார்கள். நான் குடத்தை அரைகுறையாய் நிரப்பிக்கொண்டு ஓடிவருவேன்.

நாயின் பாடுதான் பெரும்பாடு. எங்கள் பக்கம் ஒருத்தனை ஒருத்தன் கூப்பிடுவதே "ஏலே" என்றுதான். தெருவில் யாராவது ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடுவான். நாய் துள்ளி எழும். நல்ல காது விறைத்து நிற்கும். கூப்பிட்டவன் முகத்தைப் பார்க்கும். பிறகு மெதுவாகப் படுத்துக்கொள்ளும். நாள் முழுக்க இப்படி. சித்தி நடை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த வருடம்தான் அப்பா தம்பி நினைவாக ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் படம். வீட்டில் மாட்டிப் பூப்போடச் சித்தப்பாவுக்குத் தனிப் படம் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று, அருப்புக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம். அது சித்தியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சித்தி காட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா அதை அம்மாவிடம் எடுத்துத் தரச் சொன்னார்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று அம்மா இழுத்தார்.

"அதப் பாத்துப் பாத்துத்தான் இப்பிடிக் கல்லாட்டம் ஒக்காந்திருக்கா. கண்ணுல படாம இருந்தா கொஞ்சம் மறப்பா" என்றார் அப்பா. சித்திக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை.

படம் பெரிதாகி, சட்டம் போட்டு, கண்ணாடியோடு வந்தது. சித்தப்பா மட்டும் நின்றார். பின்னால் நீல வர்ணம். சித்தி பெட்டியில் தேடிவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, எம் படத்தக் காணோமே?"

அம்மா சுவரைப் பார்த்தார். சித்தியும் பார்த்தார். கிட்டே போய், சித்தப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த நீலத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல நான் இருந்தேனே. நான் எங்கக்கா?"

அப்பா ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டார். ரெண்டு பேராக இருந்ததை வெட்டித்தான் செய்ததாகவும், நெகட்டிவை எப்போதோ கழித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டில் வந்து அதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றே சொன்னார். சித்தியும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்தது நிழற்குடை. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒண்ட இடம் கிடையாது. முதல் வருஷத் திதிக்குள் தம்பி பேரில் ஒரு நிழற்குடை கட்டிவிட அப்பா முடிவு செய்தார். "வெயில்ல நிக்கிறவன் ஒவ்வொருத்தனும் நெழல்ல ஒக்காந்து எந்தம்பி பேரச் சொல்லணும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது குரல் உடையும். புரட்டாசியில் வேலை தொடங்கியது. விதைப்புக்கு மேகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஈர சிமெண்டு வாசமும், கடை வாசலில் காயப்போட்ட பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாசமும் கலந்து வரும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன்.

தரை பூசி முடித்த சாயங்காலம், அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. சித்தப்பா டவுனுக்குப் போனால் அந்த பஸ்ஸில்தான் திரும்புவார். நாய் ஓடிவந்தது. பூசின தரை மேலேயே ஏறி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. ஈரத்தில் ஒரு வரிசைத் தடம்.

கொத்தனாருக்குக் காப்பி கொண்டுவந்த சித்தி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் ஓடினார்.

"அக்கா, அத்தான்ட்ட சொல்லுங்க. அந்தத் தடம் அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

அம்மா வந்து சொன்னார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பெரிய மனுசங்க வந்து நிக்கிற எடம். எந்தம்பி பேரு போட்ட எடம். அதுல நாய்த் தடமா? ஊரு காறித் துப்பும்."

"ஓரமாத்தானண்ணே இருக்கு. விட்டுட்டா என்ன?" என்றார் கொத்தனார். அப்பா பார்த்த பார்வையில் அவர் கரண்டியை எடுத்துத் தடத்தை மெழுகிவிட்டார். சித்தி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அப்பா செய்தது சரி என்றுதான் தோன்றியது. என் கூடப் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

திதி நாள் வந்தது. வாழைமரம் கட்டி, மைக்செட் வைத்து, யூனியன் சேர்மனைக் கூப்பிட்டிருந்தார் அப்பா. தாலி இழந்தவள் திறப்பு விழாவில் எதிரே வரக்கூடாது என்று சித்தியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவருடைய புருஷனுக்கான விழா. எனக்குப் புதுப் பாவாடை. பன்னீர் தெளித்தேன். சேர்மன் ரிப்பன் வெட்டினார். சித்தப்பாவின் பெயரை மைக்கில் தப்பாகச் சொன்னார். யாரோ காதில் ஓதியதும் திருத்திக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் எங்கள் வீட்டு முன்னால் பந்தி. சித்தி சோற்று உருண்டை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு கொல்லையில் தேடினார். நாய் இல்லை. தெருவுக்கு வந்து, "ஏலே... ஏலே..." என்று கூப்பிட்டார். பந்தியில் இருந்த இளவட்டங்கள் திரும்பிப் பார்த்து, "எங்களையா மதினி கூப்புட்டீக?" என்று கிண்டல் செய்தார்கள். சித்தி காட்டுப் பக்கம் நடந்தார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சேர்மனை வழியனுப்பக் கூட்டம் நிழற்குடைப் பக்கம் வந்திருந்தது. கையில் நாய் கிடந்தது. தலை ஒரு பக்கமாய்த் தொங்கியது. விழாவுக்கு இடைஞ்சலாக வந்துவிடக் கூடாதென்று யாரோ அதை மோட்டார் ரூமுக்குள் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மைக் சத்தமும் ஆள் சத்தமும் கேட்டு அது சன்னல் வழியாகத் தாவியிருக்கிறது. கயிறு நீளம் போதவில்லை.

நிழற்குடைக்கு எதிரே வந்ததும் சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாயை மடியில் போட்டுக்கொண்டார். அழ ஆரம்பித்தார். ஒரு வருடமாக வராத அழுகை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதார்.

"ஏலே... என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போனீகளே... ஒரு சொல்லுச் சொல்லாமப் போனீகளே... நான் யாருக்கு ஒல வைப்பேன், யாரு கூட ஒக்காந்து திம்பேன்..."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி சொன்னாள்: "ஆத்தீ, புருசனுக்கு அழுகாதவ நாய்க்கு அழுகுறா பாரு." ஒரு சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தன், "நாய்க்குப் போயி 'போனீக'ங்கிறா!" என்றான். சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. சேர்மனோடு வந்தவர்கள்கூடத் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் நாய் மாதிரி ஊளையிட்டார்கள். நான் கடைக்குள் ஓடிப் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். காதைப் பொத்திக்கொண்டு, மூட்டை இடுக்கு வழியாக வெளியே பார்த்தேன்.

நாயை யாரும் 'நீக' போட்டுச் சொல்வதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் சிரித்தார்கள். அவர் யாரைச் சொல்லி அழுகிறார் என்று அத்தனை பெரியவர்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார் அம்மா. அவரும் சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அப்பா விறைத்துப்போய் நின்றார். "உள்ள கூட்டிட்டுப் போ அவள! மானம் போகுது!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாரே தவிர, எழுப்பவில்லை.

நாயைச் சித்தப்பாவின் காட்டு வரப்போரம் சித்தியே குழி வெட்டிப் புதைத்தார். மூன்றாம் நாள் பால் தெளித்தார். அதை வேடிக்கை பார்க்கவும் ஆள் போனது. "நாய்க்குக் கருமாதியாம்" என்று கடைக்கு வந்தவர்கள் அப்பாவிடமே சொல்லிச் சிரித்தார்கள். அம்மா ஒரு நாள் சோறு போடும்போது, "அந்த வாயில்லாச் சீவன அங்க கொண்டுபோயிக் கட்டுனது யாரு?" என்று கேட்டார். "எவன் கட்டுனானோ, எனக்கென்ன தெரியும்" என்றார் அப்பா.

அந்த மாதமே அப்பா சித்தியின் அண்ணன்மாரை வரச்சொன்னார். புத்தி சரியில்லை, கொஞ்ச நாள் தாய் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் வரும்வரை அண்ணன்மார் நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி வெளியே வெயிலில் நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. பஸ் கிளம்பும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

தொண்ணூறுகளில், நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டையில் இருந்தபோது, அம்மா இறந்துபோனார். அப்பா அழவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆண்பிள்ளை என்பதால் யாரும் அவரைக் கிள்ளவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்றும் சொல்லவில்லை. அம்மா பேரில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கட்டலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "ஒண்ணும் வேணாம்" என்று எழுந்து போய்விட்டார். சில மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்: "திருச்சுழிக்குப் போறேன். கூட வாரியாம்மா?"

சித்தி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கட்டிலைத் தட்டிப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். அம்மா செத்தது அவருக்குப் பிந்தித்தான் தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா செம்பைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தார்.

"அன்னைக்கு அந்த நாயக் கட்டுனது..." என்று ஆரம்பித்தார். செம்பைக் கீழே வைத்தார். "நாந்தான் கட்டுனேன்."

"தெரியும் அத்தான்" என்றார் சித்தி. அப்பாவிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சாக்கு மூட்டைக்குப் போடுற முடிச்சு. ஒங்க கை முடிச்சு. கழுத்துலருந்து அத அவுக்க எனக்கு வெகு நேரமாச்சு."

நான்தான் கேட்டேன். "ஏன் சித்தி அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா அக்கா அதுக்கப்புறம் இவுகளுக்கு எப்பிடிச் சோறு போடுவாக?"

அப்பா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. அன்றும் அவர் வாயில் அது வரவில்லை. சித்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. "பொறுத்துக்கிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் அத்தான். ஆனா தேடி வந்திருக்கீக. இருந்து சாப்புட்டுப் போங்க."

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஒங்கக்காவுக்கு என்ன செய்யணும்னு தெரியல. நான் செஞ்சா எல்லாம் தப்பாப் போகுது. ஒங்கிட்டக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

"அக்காவுக்கு எது ரொம்ப ஆச?" என்று கேட்டார் சித்தி.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அத்தனை வருடம் அந்தக் கையால் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்தத் தட்டுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

சித்தியே சொன்னார். "பஸ்ஸுல சன்னலோரம் ஒக்காரணும்னு ஆச. ஒருக்கா நாங்க ரெண்டு பேரும் அருப்புக்கோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்னப் புள்ளையாட்டம் வேடிக்க பாத்துக்கிட்டே வந்தாக. 'எந்நேரமும் ஒங்கத்தானுக்கு வெத்தல துப்பச் சன்னல் வேணும்டி, எனக்கு இன்னைக்குத்தான் கெடச்சது'ன்னு சொன்னாக."

அப்பா அதற்கு மேல் சாப்பிடவில்லை.

திருச்சுழியில் பஸ் ஏறியதும் அப்பா பழக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில். பஸ் நிறைந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சட்டென்று எழுந்தார். "இங்கிட்டு வாம்மா. சன்னலோரமா ஒக்காரு" என்றார். அவள் சந்தேகமாக அவரைப் பார்த்தாள். "ஒக்காரு தாயி" என்றார் மறுபடி. உட்கார்ந்தாள். நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

திருச்சுழியைத் தாண்டியதும் சாய்ந்த வெயில் பிள்ளையின் முகத்தில் அடித்தது. அவள் தகர ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

"எழுப்பி ஷட்டரத் தூக்கிவிடச் சொல்லட்டுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம். அது அந்தப் புள்ள இஷ்டம்" என்றார். அருப்புக்கோட்டை வரும்வரை அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். மூடிய அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.